மார்த்தா மேசாரோஷ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹங்கேரிய இயக்குநர் மார்த்தா மேசாரோஷின் படங்களை நண்பர்களுக்குப் போட்டுக் காட்டும்போதெல்லாம் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொரு தடவையும் படம் முடிந்து நின்றுகொண்டே பதில் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. சில படங்களின் முடிவையும் சொல்லியிருக்கிறேன். இவர் படங்களில் அடுத்து என்ன நடக்கும் என்ற பதைப்பு குறைவு, அதனால் முடிவு தெரிந்து பார்த்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

பெயரை எப்படிச் சொல்வது?

மேசாரோஷ். ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து 'மெஸ்ஸாரோஸ்' என்று படித்துவிடுகிறோம், ஆனால் ஹங்கேரிய மொழியில் கடைசி எழுத்துக்கு 'ஷ்' ஒலிதான். அவர் ஊரில் குடும்பப் பெயர் முன்னால் வரும்: மேசாரோஷ் மார்த்தா. அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு எழுதிப் பழகிய நமக்கு இது புதிதாகத் தோன்றாது. மேசாரோஷ் என்றால் இறைச்சி வெட்டி விற்பவர் என்று பொருள். அங்கே அது சர்வசாதாரணமான குடும்பப் பெயர்.

இவர் யார்? ஒரே வரியில் சொல்ல முடியுமா?

1931 செப்டம்பர் 19 அன்று புடாபெஸ்டில் பிறந்தவர். 1968ல் முதல் கதைப்படம் எடுத்தார். போருக்குப் பிந்தைய ஹங்கேரியில் ஒரு பெண் இயக்கிய முதல் முழுநீளக் கதைப்படம் அது. 1975ல் பெர்லின் திரைப்பட விழாவின் தங்கக் கரடி விருதை வாங்கினார். 1984ல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பெரும்பரிசு. ஒரே வரி என்றால் நான் இப்படிச் சொல்வேன்: அப்பாவை அரசு கொண்டுபோய்விட்ட ஒரு சிறுமி, யார் அம்மா, யார் பிள்ளை என்ற கேள்வியை வாழ்நாள் முழுக்கப் படமாக எடுத்துக்கொண்டிருந்தார்.

தங்கக் கரடி வாங்கிய முதல் பெண் இவர்தானா?

ஆமாம். பெர்லின் விழா 1951லிருந்து நடக்கிறது. 1975ல் 'தத்தெடுப்பு' படத்துக்காக மேசாரோஷ் வாங்கும்வரை அந்த விருது எந்தப் பெண் இயக்குநருக்கும் போனதில்லை. இரண்டு வருடம் கழித்து சோவியத் இயக்குநர் லரீசா ஷெபித்கோ வாங்கினார். ஹங்கேரிக்கும் அதுதான் முதல் தங்கக் கரடி. அடுத்தது கிடைக்க 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதை வாங்கிய இல்திகோ என்யேதியும் ஒரு பெண்.

அப்பாவுக்கு என்ன ஆயிற்று?

இதற்குப் பதில் தெரியாமல் இவர் படங்களைப் பார்க்கலாம், ஆனால் பாதிதான் பிடிபடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அப்பா லாஸ்லோ மேசாரோஷ் ஒரு சிற்பி. 1905ல் பிறந்தவர், இளம் வயதிலேயே பெயர் பெற்றவர், கம்யூனிஸ்ட். அன்றைய ஹங்கேரி ஹோர்த்தி என்ற வலதுசாரித் தளபதியின் ஆட்சியில் இருந்தது. இடதுசாரிக் கலைஞருக்கு அங்கே மூச்சுவிட இடமில்லை. 1930களின் நடுவில், மார்த்தாவுக்கு நாலைந்து வயது இருக்கும்போது, குடும்பம் சோவியத் நாட்டுக்குக் கிளம்பியது. போய்ச் சேர்ந்த இடம் மத்திய ஆசியாவில் இருக்கும் கிர்கிஸ்தான். தலைநகருக்கு அப்போது ஃப்ரூன்ஸே என்று பெயர், இப்போது பிஷ்கெக். அப்பா அங்கே சிற்ப வேலையில் இறங்கினார், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தார். பனி மூடிய மலை, கல், உளிச் சத்தம், இவைதான் மார்த்தாவின் முதல் நினைவுகள்.

1938ல் ஸ்டாலினின் களையெடுப்பில் அப்பாவைக் கைது செய்தார்கள். திரும்பி வரவே இல்லை. நம்பிப் போன நாடே அவரை எடுத்துக்கொண்டுவிட்டது. அம்மாவும் போர்க்காலத்தில் இறந்துபோனார். பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் பிள்ளைக்கு இரண்டு பேரும் இல்லை. வளர்ப்புத் தாயின் பொறுப்பில் 1946ல் ஹங்கேரிக்குத் திரும்பினார். பிறந்த ஊர்தான், ஆனால் நினைவு தெரிந்த நாள் முதல் வாழ்ந்தது வேறு நாட்டில். அப்பா எங்கே என்று சத்தமாகக் கேட்கவும் முடியாது. 'மக்கள் விரோதி' என்று பிடித்துக்கொண்டு போன ஒருவரின் மகள் என்று தெரிந்தால் அந்தக் காலத்தில் அது பிள்ளையின் தலைக்கும் வரும்.

லாஸ்லோ மேசாரோஷின் பேர்பெற்ற சிலைகளில் ஒன்றுக்கு 'ஊதாரி மகன்' என்று பெயர். வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வரும் மகனைப் பற்றிய பைபிள் கதை. அதைச் செதுக்கியவர் வீடு திரும்பவில்லை. எனக்கு அந்தச் சிலையின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனசு என்னவோ செய்யும்.

சினிமாவை எங்கே கற்றார்?

மாஸ்கோவில், வ்கிக் என்று அழைக்கப்படும் அரசுத் திரைப்படப் பள்ளியில். 1956ல் படிப்பை முடித்தார். அப்பாவைக் கொன்ற நாட்டிலேயே படிக்கப் போனாரா என்று கேட்பார்கள். போனார். சோவியத் உதவித்தொகையில் படிக்க ஹங்கேரிய மாணவர்களுக்கு வாய்ப்பு இருந்தது, அவருக்கு ரஷ்ய மொழி தாய்மொழி மாதிரி. அப்பாவைப் பற்றி விசாரிக்கவும் அங்கேதான் வழி இருந்தது.

அப்புறம் கொஞ்ச காலம் ருமேனியாவின் புக்கரெஸ்டில் ஆவணப்பட வேலை, பிறகு புடாபெஸ்டில். பத்து வருடத்துக்கும் மேல் சின்னச் சின்ன ஆவணப்படங்கள், செய்திப்படங்கள், அறிவியல் விளக்கப்படங்கள் என்று எடுத்துத் தள்ளினார். தொழிற்சாலை, விடுதி, மருத்துவமனை, கிராமம் எல்லாம் ஏறி இறங்கிய அனுபவம் அது. பின்னால் கதைப்படம் எடுக்கும்போது ஒரு பஞ்சாலைக்குள் கேமராவை எங்கே வைக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் தேவைப்படவில்லை.

முதல் படம் எப்படி?

'போய்விட்ட நாள்' என்று தமிழில் சொல்லலாம், 1968. அனாதை விடுதியில் வளர்ந்து பஞ்சாலையில் வேலை பார்க்கும் எர்ஷி என்ற பெண், தன்னைப் பெற்ற அம்மாவைத் தேடிக் கிராமத்துக்குப் போகிறாள். அம்மாவுக்கு இப்போது வேறு கணவன், வேறு பிள்ளைகள். வந்திருப்பது யார் என்று வீட்டில் கேட்கும்போது அம்மா சொல்கிறாள்: என் அண்ணன் வழிப் பெண் என்கிற மாதிரி ஒரு உறவு. மகள் அதைக் கேட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, விருந்தாளியாகச் சாப்பிடுகிறாள்.

இதை நம் படங்களில் எடுத்திருந்தால் அந்த இடத்தில் ஒரு பெரிய அழுகை இருந்திருக்கும். இங்கே எர்ஷியின் முகத்தில் ஒன்றும் தெரிவதில்லை. விடுதியில் வளர்ந்த பிள்ளைக்கு எதையும் காட்டிக்கொள்ளாமல் இருப்பது பழகிப்போன விஷயம். எர்ஷியாக நடித்தவர் காட்டி கோவாச், ஹங்கேரியில் அப்போது கொடிகட்டிப் பறந்த பாப் பாடகி.

'தத்தெடுப்பு' படத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

காட்டா என்ற பெண். வயது 43, கணவன் இல்லை, மரவேலைத் தொழிற்சாலையில் வேலை. யோஷ்கா என்ற ஒருவனோடு பல வருட உறவு. அவனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் உண்டு. ஒருநாள் காட்டா மருத்துவரிடம் போய்த் தன்னால் இன்னும் பிள்ளை பெற முடியுமா என்று கேட்கிறாள். முடியும் என்கிறார். யோஷ்காவிடம் சொன்னால் அவன் மறுக்கிறான். அவனைப் பிடித்து வைத்துக்கொள்ள அவள் கேட்கவில்லை, தனக்கு ஒரு பிள்ளை வேண்டும், வளர்த்துக்கொள்கிறேன் என்றுதான் கேட்கிறாள். அதுவே அவனுக்குப் பயமாக இருக்கிறது.

பக்கத்தில் அரசு நடத்தும் இளம்பெண்கள் விடுதி. அங்கிருந்து அன்னா என்ற பெண் காட்டாவின் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். தன் காதலனைச் சந்திக்க ஓர் அறை வேண்டும், அவ்வளவுதான். முதலில் கூடாது என்ற காட்டா அப்புறம் சம்மதிக்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் மெதுவாக ஏதோ ஒன்று வளர்கிறது. அம்மா-மகள் என்று பெயர் வைக்கலாம், தோழிகள் என்று வைக்கலாம், படம் எந்தப் பெயரும் வைக்கவில்லை. அன்னாவின் கல்யாணத்துக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். அதை வாங்கித் தர காட்டா அலைகிறாள்.

நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அவள் வேலை செய்யும் காட்சிகளைத்தான். கறுப்பு வெள்ளையில் லயோஷ் கோல்தாயின் ஒளிப்பதிவு. மரத்தூள் பறக்கிறது, இயந்திரம் சுழல்கிறது, கேமரா காட்டாவின் கைகளுக்கு அருகிலேயே நிற்கிறது. விரல்களில் அழகுபடுத்தல் எதுவும் கிடையாது. தினமும் ஒரே வேலையைச் செய்து உறுதியான கைகள். பின்னால் அதே கைகள் அன்னாவின் தலைமுடியருகில் வரும்போது, கடைசியில் ஒரு கைக்குழந்தையைத் தூக்கும்போது, நமக்கு அந்தக் கைகளை ஏற்கெனவே தெரியும். காட்டா நல்லவள், பாசமானவள் என்று வசனத்தில் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லாமல் போய்விடுகிறது. கத்தலின் பெரெக் என்ற நடிகை இந்தப் பாத்திரத்தைச் செய்திருக்கிறார்.

இன்னொரு காட்சி. காட்டாவும் அன்னாவும் ஓர் உணவகத்துக்குப் போகிறார்கள். ஆண் துணை இல்லாமல் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், சுற்றிலும் மேசைகளிலிருந்து ஆண்களின் பார்வை. படம் அந்தப் பார்வைகளை ஒவ்வொன்றாகக் காட்டுகிறது. அவர்கள் இருவரும் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். 1975ல் எடுத்த காட்சி. இன்றைக்கும் எந்த ஊர் ஓட்டலிலும் பெண்கள் இதைச் சட்டென்று அடையாளம் கண்டுகொள்வார்கள்.

அதன் முடிவு சோகமா, சந்தோஷமா?

அன்னாவின் கல்யாணம் நடக்கிறது. ஆனால் கல்யாண விருந்திலேயே பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் முகம் சரியில்லை, உரசல் ஆரம்பித்துவிட்டது. காட்டா இதைப் பார்க்கிறாள். அப்புறம் அவள் ஒரு குழந்தையைத் தத்தெடுத்துக்கொள்கிறாள். கடைசிக் காட்சியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பேருந்தைப் பிடிக்க ஓடுகிறாள். படம் அப்படியே உறைந்து நிற்கிறது.

பேருந்தைப் பிடித்தாளா என்று தெரியாது. எனக்கு அது சந்தோஷமான முடிவுதான். குழந்தையோடு ஓடும் ஒரு பெண்ணுக்கு முன்னால் இனி நிறைய ஓட்டம் இருக்கிறது என்பது உண்மை. அவளாகக் கேட்டு வாங்கிக்கொண்ட ஓட்டம் அது.

'ஒன்பது மாதங்கள்' படத்தில் வரும் பிரசவம் நிஜமா?

நிஜம். 1976ல் வந்த படம். யூலி என்ற தொழிலாளிப் பெண்ணாக லிலி மோனோரி நடித்தார். படப்பிடிப்பின்போது அவர் உண்மையிலேயே கர்ப்பமாக இருந்தார். கடைசியில் வருவது அவருடைய சொந்தப் பிரசவம். கேமரா முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை.

பரபரப்புக்காக எடுத்தார்களோ என்று படம் பார்க்காதவர்கள் நினைப்பார்கள். படத்தில் யூலிக்கு ஏற்கெனவே ஒரு மகன் உண்டு, அவள் கல்யாணம் செய்துகொள்ளாமல் பெற்றவன். அவளை விரும்பும் மேலாளருக்கு அதை மறைத்து வைக்க ஆசை, குடும்பத்துக்கு முன்னால் அவள் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்கிறான். அவள் மூடிக்கொள்ளவில்லை, உறவு முறிகிறது. அவன் பிள்ளையைத் தனியாகவே பெற்றுக்கொள்கிறாள். படம் முழுக்க மறைத்துவை மறைத்துவை என்றே கேட்டுக்கொண்டிருந்த நமக்கு, எதையும் மறைக்காத அந்தக் கடைசிக் காட்சி ஒரு பதில் மாதிரி வந்து நிற்கிறது. 1977ல் கான் விழாவில் உலக விமர்சகர் கூட்டமைப்பின் பரிசு இந்தப் படத்துக்குக் கிடைத்தது.

வெளிநாட்டு நடிகைகள் நிறையப் பேர் நடித்திருக்கிறார்களாமே?

ஆமாம். 'அவர்கள் இருவர்' படத்தில் பிரெஞ்சு நடிகை மரீனா விலாடி, பெண் தொழிலாளர் விடுதியின் பொறுப்பாளராக வருகிறார். அவருடைய கணவரான ரஷ்யப் பாடகர் விளாதிமிர் விசோத்ஸ்கி அதில் ஒரு சின்ன வேடத்தில் தலைகாட்டுகிறார். அடுத்த படத்தில் அன்னா கரீனா. 1980ல் வந்த 'வாரிசுரிமை' படத்தில் இசபெல் உப்பேர். பிள்ளையில்லாத பணக்காரப் பெண் ஒருத்தி, தன் யூதத் தோழியிடம் தன் கணவனுக்குப் பிள்ளை பெற்றுத் தரச் சொல்கிறாள். கதை 1930களில் ஆரம்பித்து 1944ல் ஹங்கேரிய யூதர்களை வதைமுகாமுக்கு ஏற்றும் நாள்களில் முடிகிறது. வாடகைத் தாய் என்ற சொல் பரவலாவதற்கு முன்பே எடுத்த படம்.

நாட்குறிப்புப் படங்கள் அவருடைய சொந்தக் கதையா?

பெரும்பகுதி ஆமாம். முதல் படம் 'என் குழந்தைகளுக்கு ஒரு நாட்குறிப்பு' 1984ல் வந்தது. 'என் காதலர்களுக்கு' 1987ல், 'என் தந்தைக்கும் தாய்க்கும்' 1990ல். வருடங்களைக் கவனியுங்கள். மூன்றாவது வரும்போது ஹங்கேரியில் கம்யூனிஸ்ட் ஆட்சியே போய்விட்டது. முதல் படத்தை எடுக்கும்போது அந்த ஆட்சி இருந்தது, ஸ்டாலின் காலத்தில் காணாமல்போன அப்பாக்களைப் பற்றிப் பேசுவது அப்போது லேசான காரியம் இல்லை.

போர் முடிந்த கையோடு யூலி என்ற பெண் சோவியத் நாட்டிலிருந்து விமானத்தில் ஹங்கேரிக்கு வந்து இறங்குகிறாள். அவளைப் பொறுப்பெடுத்துக்கொள்வது மக்தா, கட்சியில் பெரிய ஆள். பெரிய வீடு, நல்ல சாப்பாடு, சலுகைகள். மக்தாவுக்கு யூலியைத் தன் மகளாக்கிக்கொள்ள ஆசை. யூலிக்கு மக்தாவை அம்மா என்று ஏற்க முடியவில்லை. மக்தா பின்னால் ஒரு சிறைச்சாலையின் பொறுப்புக்கே வந்துவிடுகிறாள்.

மக்தா கொடுத்த இலவச அனுமதி அட்டையை வைத்துக்கொண்டு யூலி பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு சினிமா கொட்டகையே கதி என்று கிடக்கிறாள். இருட்டில் அவள் முகத்தில் திரையின் வெளிச்சம் விழுகிறது. அங்கேயே அவளுக்கு அப்பாவின் நினைவும் வருகிறது: ஒரு கற்குவாரி, வெள்ளை வெளேரென்று கல், வெயில், அப்பா வேலை செய்துகொண்டிருக்கிறார். இந்தக் குவாரிக் காட்சி படத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. அப்பாவின் கைது, நாடு, கட்சி எதையும் புரிந்துகொள்ளும் வயது அப்போது அவளுக்கு இல்லை. அதனால் அவளிடம் மிஞ்சியது ஒளியும் கல்லும்தான்.

நடுநடுவே அந்தக் காலத்து நிஜச் செய்திப்படத் துண்டுகளும் வருகின்றன. ஊர்வலம், கைதட்டல், தலைவர்களின் படங்கள். கறுப்பு வெள்ளையிலேயே முழுப் படமும் இருப்பதால் கதை எங்கே முடிகிறது, செய்திப்படம் எங்கே தொடங்குகிறது என்று சில இடங்களில் சட்டென்று பிடிபடாது. வேண்டுமென்றே செய்ததுதான் என்று நினைக்கிறேன். பத்து வருடத்துக்கும் மேல் ஆவணப்படமும் செய்திப்படமும் எடுத்தவருக்கு அந்தத் துண்டுகள் என்ன காட்டின, எதைக் காட்டாமல் விட்டன என்று நன்றாகத் தெரியும்.

மக்தா கெட்டவளா?

இதைத்தான் ரொம்பப் பேர் கேட்கிறார்கள். படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது மக்தாமேல் கோபம் இருக்கும். இரண்டாவது தடவை பார்க்கும்போது கோபம் குறையும். சின்ன வயதில் நம்பிய கொள்கைக்காக எல்லாவற்றையும் விட்டவள், தனியாள், ஒரு பெண்குழந்தையின் அன்புக்காக ஏங்குகிறாள். ஆனால் அவளுக்குத் தெரிந்த ஒரே வழி கட்டளை போடுவது. யூலி ஓடிப்போனால் ஆள் அனுப்பிக் கூட்டி வருகிறாள். அவளுக்கு அதுவும் அன்புதான், அங்கேதான் பயமே.

'தத்தெடுப்பு' படத்தின் காட்டாவையும் மக்தாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு பேருமே பெறாத பிள்ளையைத் தன் பிள்ளையாக்க நினைப்பவர்கள். காட்டா கதவைத் திறந்துவிடுகிறாள், அன்னா வரலாம் போகலாம். மக்தா பூட்டுகிறாள். தானே வளர்ப்புத் தாயிடம் வளர்ந்த ஒருவர் இந்த இரண்டு பேரையும் எடுத்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அப்பாவாகவும் யானோஷாகவும் ஒரே நடிகர் வருகிறாரே, குழப்பமாக இருக்கிறது.

அது யூலியின் குழப்பம். யானோஷ் ஒரு பொறியாளர், மக்தாவின் பழைய தோழர், ஆனால் நடப்பதைப் பார்த்து மனம் வெறுத்தவர். அவருக்கு உடல் ஊனமுற்ற மகன் ஒருவன் உண்டு. யூலி அவரிடம் அப்பாவைப் பார்க்கிறாள், அதனால் நமக்கும் அந்த முகம் அப்பாவின் முகமாகவே தெரிகிறது. பிறகு அவரையும் கைது செய்கிறார்கள். ஒரே முகத்தை இரண்டாவது முறையும் கொண்டுபோகிறார்கள். படத்தின் கடைசியில் யூலி அவரைச் சிறையில் போய்ப் பார்க்கிறாள். சொந்த அப்பாவைப் பார்க்கக் கிடைக்காத வாய்ப்பு இது.

இரண்டு வேடத்திலும் நடித்தவர் போலந்து நடிகர் யான் நோவிட்ஸ்கி. மேசாரோஷின் பல படங்களில் வருபவர், நெடுங்காலம் அவருடைய வாழ்க்கைத் துணையும்கூட. ஹங்கேரிய வசனத்துக்கு வேறு ஒருவர் குரல் கொடுத்திருப்பார். யூலியாக வரும் ஷுஷா சிங்கோட்ஸி 'அவர்கள் இருவர்' படத்தில் சின்னக் குழந்தையாக நடித்தவர். மேசாரோஷின் படங்களிலேயே வளர்ந்த பெண் என்று சொல்லலாம்.

மற்ற இரண்டு பாகங்களில் என்ன இருக்கிறது?

இரண்டாவதில் யூலி மாஸ்கோவுக்குச் சினிமா படிக்கப் போகிறாள், அப்பாவைத் தேடுகிறாள். 1956 அக்டோபரில் புடாபெஸ்டில் சோவியத் ஆதிக்கத்துக்கு எதிராக மக்கள் எழுச்சி வெடிக்கும்போது அவள் மாஸ்கோவில் மாட்டிக்கொள்கிறாள். பெர்லினில் வெள்ளிக் கரடி வாங்கிய படம். மூன்றாவது, டாங்கிகள் எழுச்சியை நசுக்கிய பிறகான நாள்களைப் பற்றியது. மூன்றில் முதலாவதுதான் எனக்குப் பிடித்தது. மூன்றாவதில் வரலாறு நிறைய இடத்தை எடுத்துக்கொள்கிறது, யூலி கொஞ்சம் பின்னால் போய்விடுகிறாள். ஆனால் ஒருவரும் வாயைத் திறந்து பேச முடியாமல் முப்பது வருடம் கிடந்த விஷயம் அது. அதில் அவர் நிதானம் இழந்து எல்லாவற்றையும் சொல்ல நினைத்ததைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மிக்லோஷ் யான்ச்சோவின் மனைவி என்கிறார்களே?

ஒரு காலத்தில். யான்ச்சோ ஹங்கேரிய சினிமாவின் இன்னொரு பெரிய பெயர், 1972ல் கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது வாங்கியவர். பிறகு பிரிந்துவிட்டார்கள். யான்ச்சோவின் மகன் நிக்கா யான்ச்சோதான் நாட்குறிப்புப் படங்களின் ஒளிப்பதிவாளர். குடும்பம் பிரிந்தாலும் வேலை பிரியவில்லை.

இருவரின் சினிமாவும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். யான்ச்சோவின் படத்தில் பரந்த சமவெளி, குதிரைகள், கூட்டம் கூட்டமாக மனிதர்கள், வெட்டே இல்லாமல் நிமிடக்கணக்கில் நகரும் கேமரா. அதில் தனி மனிதரின் முகம் முக்கியம் கிடையாது. மேசாரோஷ் முகத்தை விட்டு நகரமாட்டார். சினிமா வரலாற்றுப் புத்தகங்களில் வெகுகாலம் யான்ச்சோவுக்கு ஒரு அத்தியாயமும் இவருக்கு ஒரு பத்தியும் கிடைத்தன. அது நியாயமில்லை என்று அடித்துச் சொல்வேன்.

படங்கள் மெதுவாகப் போகின்றன, ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றுகிறதே?

நீளத்தைப் பார்த்தால் பெரும்பாலானவை ஒன்றரை மணி நேரப் படங்கள்தான். நீளம் பிரச்சினை இல்லை. பின்னணி இசை நமக்கு இந்த இடத்தில் அழு, இந்த இடத்தில் சிரி என்று சொல்லிப் பழக்கியிருக்கிறது, இவர் அதைச் செய்வதில்லை. முதல் இருபது நிமிடம் கொஞ்சம் பொறுங்கள். பேசுகிறவரைவிடக் கேட்டுக்கொண்டிருப்பவரின் முகத்தைப் பாருங்கள். இவர் படங்களில் முக்கால்வாசி விஷயம் அங்கேதான் நடக்கும்.

படப் பெயர்கள் ஏன் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கின்றன?

ஆங்கிலத்துக்குப் போகும்போது பெயரை மாற்றிவிடுகிறார்கள். 1969ல் வந்த இரண்டாவது படத்தின் ஹங்கேரியப் பெயர் 'ஹோல்டுட்வர்'. சொல்லுக்குச் சொல் எடுத்தால் ஹோல்ட் என்பது நிலா, உட்வர் என்பது முற்றம். நிலாமுற்றம்! ஆனால் அவர்கள் அதைச் சொல்வது நிலாவைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டத்துக்கு. நம் கிராமங்களில் 'நிலா கோட்டை கட்டியிருக்கு' என்பார்களே, அது. பெரிய மனிதர் ஒருவர் இறந்துபோக, அவர் பெயரின் ஒளிவட்டத்துக்குள்ளேயே விதவையைப் பூட்டிவைக்கப் பார்க்கும் மகனின் கதை. ஆங்கிலப் பெயரில் இந்த நிலா காணாமல் போய்விட்டது. விதவையாக மாரி தோரோச்சிக் நடித்திருக்கிறார். இதே நடிகை ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து, 2017ல், மேசாரோஷின் 'வடதுருவ ஒளி' படத்திலும் நடித்தார்.

பிற்காலத்தில் என்ன செய்தார்?

ஓய்வெடுக்கவில்லை. 2000ல் கிர்கிஸ்தான் குழந்தைப் பருவத்துக்கே திரும்பிப் போய் 'குட்டி வில்மா' என்ற படம் எடுத்தார். 2004ல் 'புதைக்கப்படாதவர்', 1956 எழுச்சியின்போது பிரதமராக இருந்து, அதற்காகவே 1958 ஜூன் 16 அன்று தூக்கிலிடப்பட்ட இம்ரே நாஜைப் பற்றிய படம். நாஜாக நடித்தவர் நோவிட்ஸ்கி. 31 வருடம் கழித்து அதே ஜூன் 16ல்தான் நாஜுக்குப் புடாபெஸ்டில் முறையான இறுதிச் சடங்கு நடந்தது. 'வடதுருவ ஒளி' எடுக்கும்போது மேசாரோஷுக்கு வயது 80ஐத் தாண்டிவிட்டது. அதிலும் பழைய கேள்விதான்: வயதான தாய் ஒருத்தி, தன் பிறப்பைப் பற்றி முழுதும் தெரியாமல் வளர்ந்த பிள்ளை, பல வருடம் மூடிவைத்த உண்மை. 2021ல் ஐரோப்பியத் திரைப்பட அகாதமி வாழ்நாள் சாதனையாளர் விருது கொடுத்தது.

எதிலிருந்து தொடங்கலாம்?

'தத்தெடுப்பு'. ஹங்கேரியில் பழைய படச்சுருள்களிலிருந்து சுத்தம் செய்து புதுப்பித்திருக்கிறார்கள், அந்தப் பிரதியில் பாருங்கள். கைகளின் காட்சிகள் மங்கலான பழைய பிரதியில் பாதி காணாமல் போகும். அடுத்து 'என் குழந்தைகளுக்கு ஒரு நாட்குறிப்பு'. அப்புறம் 'ஒன்பது மாதங்கள்'.

வீட்டில் பெரிய பிள்ளைகளோடு பார்க்கலாமா?

பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகளோடு நாட்குறிப்பின் முதல் பாகத்தைத் தாராளமாகப் பார்க்கலாம். யூலிக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். படம் போடுவதற்கு முன்னால் ஸ்டாலின் யார், 1938ல் என்ன நடந்தது என்று ஐந்து நிமிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அப்பாவை ஏன் பிடித்தார்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். 'தத்தெடுப்பு' படத்தில் சில உடல் காட்சிகள் உண்டு, நீங்கள் முதலில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 'ஒன்பது மாதங்கள்' இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிறகு. என் அக்கா தன் மகளோடு நாட்குறிப்பைப் பார்த்தாள். படம் முடிந்ததும் அந்தப் பெண் கேட்டது ஒன்றுதான்: மக்தா ராத்திரி தனியாக என்ன செய்துகொண்டிருப்பாள்?